நடுக்காட்டூரில் நான் கற்றுக்கொடுக்காத பத்து வாரங்கள்

அக்டோபர் 6

நடுக்காட்டூர் வந்து சேர்ந்தேன். விளாத்திகுளத்திலிருந்து காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அவ்வளவுதான். கரிசல் மண்ணில் காலை வைத்ததும் செருப்பு அரைக் கிலோ கூடிவிட்டது.

இறக்கிவிடும்போது கண்டக்டர், "புது டீச்சரா?" என்றார்.

"இல்லை. ஆய்வுக்கு வந்திருக்கேன்."

"அப்ப இருக்குற டீச்சரயும் தூக்கிருவாகளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் விசில் ஊதிவிட்டார்.

என் வேலையை இங்கே ஒழுங்காக எழுதி வைத்துவிடுகிறேன். ஓர் அறக்கட்டளை எண்பது தொடக்கப்பள்ளிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. நாற்பது பள்ளிகளில் தினமும் சாயங்காலம் சுண்டல், கூடவே கதைப் புத்தகங்களோடு ஒரு மணி நேரம். மற்ற நாற்பதில் ஒன்றும் கிடையாது. பத்து வாரம் கழித்து இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் எவ்வளவு சாப்பிடுகிறார்கள், எவ்வளவு வாசிக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நடுக்காட்டூர் அந்த ஒன்றும் கிடையாத நாற்பதில் ஒன்று. இதற்கு 'ஒப்பீட்டுப் பள்ளி' என்று பெயர். மதியம் சத்துணவில் மிஞ்சுவதை எடை போட வேண்டும், மூன்று முறை வாசிப்புச் சோதனை வைக்க வேண்டும். மற்றபடி இங்கே எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதே என் வேலை.

கையேட்டின் பதினோராம் பக்கம்: களப்பணியாளர் ஒப்பீட்டுப் பள்ளியில் கற்றுக்கொடுக்கக் கூடாது, எதையும் வழங்கக் கூடாது, பாராட்டக் கூடாது.

மூன்றும் எனக்குச் சுலபம். ஆசிரியர் வேலையில் எனக்கு ஆசை கிடையாது. தகுதித் தேர்வை இரண்டு முறை எழுதியதுகூட அப்பாவின் தொல்லையால்தான்.

அக்டோபர் 7

பள்ளியில் மொத்தம் பதினேழு பிள்ளைகள். ஒரே டீச்சர், ஜெபமணி. இன்னொருவர் பிரசவ விடுப்பில் இருக்கிறார். ஐந்து வகுப்பும் ஒரே அறையில் நடக்கின்றன. ஜெபமணி டீச்சர் ஒரு வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டே இன்னொரு வகுப்பை முறைக்கிறார்.

பிள்ளைகள் என் பெயரைக் கேட்டார்கள். மங்கையர்க்கரசி என்றேன். பாதியில் மூச்சு வாங்கினார்கள். அரசி என்று கூப்பிடுங்கள் என்றேன். மத்தியானத்துக்குள் அது 'அரிசி டீச்சர்' ஆகிவிட்டது. நான் டீச்சர் இல்லை என்று மூன்று முறை சொன்னேன்.

"சரி டீச்சர்" என்றார்கள்.

முதல் வாசிப்புச் சோதனை. எழுத்து, சொல், வரி, பத்தி, கதை என்று ஐந்து நிலைகள். பிள்ளை எதுவரை வாசிக்கிறதோ அதை டேப்லெட் திரையில் தொட வேண்டும். மூன்றாம் வகுப்பு இசக்கியம்மாள், முன்பல் இரண்டும் இல்லாதவள், அட்டையைப் பார்த்து "ம... ழை..." என்றாள்.

"சேர்த்துச் சொல்லு."

"எதுக்குச் சேக்கணும்? தனித்தனியாவே நல்லாத்தான இருக்கு."

எழுத்து நிலை என்று பதிந்தேன்.

அக்டோபர் 9

தங்குவதற்குச் சத்துணவுச் சமையலர் சுப்புத்தாய் அக்கா வீட்டில் முன்னறை கிடைத்திருக்கிறது. நல்ல மனுஷி. இன்று மதியம்வரை.

மதியம் பதினேழு தட்டிலும் மிஞ்சியதை வழித்துத் தராசில் வைத்தேன். ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிராம். பெரும்பாலும் கத்தரிக்காய். சுப்புத்தாய் அக்கா கரண்டியோடு வந்து நின்றார்.

"என்னத்த நிறுக்கிய?"

"மிச்சத்தைக்கா."

"எம் மிச்சத்தையா? எழுதி அனுப்புவியளா?"

"சென்னைக்கு அனுப்பணும்."

அவர் கரண்டியோடு உள்ளே போய்விட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு எனக்கும் கத்தரிக்காய்தான் வைத்தார். நிறைய. நான் மிச்சம் வைக்கவில்லை.

அக்டோபர் 13

கத்தரிக்காய் இன்று பொடிப்பொடியாக நறுக்கி, தேங்காய் போட்டுப் பிரட்டி வந்தது. மிச்சம் நானூற்றுப் பத்து கிராம்.

அக்டோபர் 16

தொண்ணூறு கிராம். அதிலும் பாதி கறிவேப்பிலை. பிள்ளைகள் தட்டை நக்கிவிட்டுத் தராசின் முன் வரிசையில் வந்து, "என்னுது எத்தன?" என்கிறார்கள். பூஜ்யம் வந்தால் குதிக்கிறார்கள். மிச்சத்தை நம்பி வேப்பமரத்தடியில் வாழ்ந்துவந்த கருவாயன் என்ற நாய் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறது.

ஆய்வின் தலைவர் டாக்டர் நாச்சியப்பனுக்குப் போன் செய்து, மிச்சம் குறைகிறது என்றேன்.

"நீங்க ஏதாவது செஞ்சீங்களா?"

"தராசு வெச்சேன் சார்."

"தராசு எடைதானே போடும்?"

"இங்க சமையலும் செய்யுது சார்."

அவர் சிரிக்கவில்லை.

அக்டோபர் 22

தீபாவளி முடிந்து திரும்பினேன். நல்ல மழை.

இந்த ஊரில் சிக்னல் கிடைப்பது பள்ளியின் மேல்படியில் மட்டும்தான். நாலு மணிக்கு அங்கே உட்கார்ந்து டேப்லெட்டிலிருந்து விவரங்களை அனுப்புகிறேன். அனுப்பி முடிய நாற்பது நிமிஷம் ஆகிறது. அதுவரை இந்த நோட்டை எழுதுவேன். வீட்டுக்குப் போகாத பிள்ளைகள் முதுகில் சாய்ந்துகொண்டு பார்க்கின்றன.

"இதுல எம் பேரு இருக்கா?" என்றாள் இசக்கி.

காட்டினேன். பெயரைக் காட்டுவது கற்றுக்கொடுப்பது ஆகாது. வழி கேட்டவருக்குத் தெருவைக் காட்டுவது போலத்தான்.

"இந்த 'க்'குத் தலையில எதுக்குப் புள்ளி?"

சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது மரியாதை. கையேட்டில் மரியாதைக்குத் தடை இல்லை.

அக்டோபர் 27

என் கையெழுத்து இரண்டு மடங்கு பெரிதாகியிருப்பதை இன்றுதான் கவனித்தேன். மழைக்காலத்தில் வெளிச்சம் குறைவு. வேறு காரணம் இல்லை.

அக்டோபர் 31

தண்ணீர் குடிக்கப் போனபோது நோட்டைப் படியிலேயே வைத்துவிட்டேன். திரும்பி வந்தால் அதன்மேல் ஒன்பது தலைகள். ஐந்தாம் வகுப்பு செல்வராணி சத்தமாக வாசிக்கிறாள்: "க-ரு-வா-யன் என்ற நா-ய்..."

பெரிய கலவரம்.

"நாயப் பத்தி எழுதிருக்காக! என்னையப் பத்தி எழுதல!"

"ஏட்டி, எம் பேரும் இல்ல!"

"இசக்கிக்கு மட்டும் ரெண்டு எடத்துல வருது!"

ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரியாவது எழுத வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றிவிட்டார்கள். கள அவதானிப்புகளை விரிவாகக் குறித்து வைக்குமாறு கையேட்டின் ஆறாம் பக்கமும் சொல்கிறது.

நவம்பர் 4

மாடசாமி மரம் ஏறினான்.
மரம் ஒன்றும் சொல்லவில்லை.
ஜெபமணி டீச்சர் நிறையச் சொன்னார்.
செல்வராணி புது வளையல் போட்டாள்.
இசக்கிக்கு ஒரு பல் முளைத்தது.
அதை எல்லாருக்கும் காட்டினாள். நாய்க்கும் காட்டினாள்.

(வாக்கியங்கள் சிறிதாக இருப்பது பேனாவின் கோளாறு.)

நவம்பர் 6

அரிசி டீச்சர் கொரட்ட விடுராக. சுப்புதாய் பெரியம்ம சொன்னாக

மேலே உள்ள வரி என்னுடையது அல்ல. யாருடையது என்றும் தெரியவில்லை. பக்கத்தில் சாம்பார்க் கறை இருக்கிறது. நான் எதையும் திருத்தவில்லை. 'கொரட்ட'வைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் போட்டேன். வட்டம் போடுவது வரைதல்.

நவம்பர் 7

குரட்ட
குறட்ட
குறட்டை

மூன்றும் மூன்று கையெழுத்து. கடைசி வார்த்தைக்கு அடியில் நான் கோடு போட்டேன். தற்செயலாக.

நவம்பர் 12

இரண்டாவது சோதனை. சீல் வைத்து வந்த புது அட்டைகள். இசக்கி வரி நிலை. செல்வராணி கதை நிலை. பதினேழு பேரில் பதின்மூன்று பேர் ஒரு படியாவது ஏறியிருக்கிறார்கள்.

உள்ளபடியே பதிந்து அனுப்பினேன். மேல்படியில் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். மகிழ்ச்சியால் அல்ல. சிக்னல் மந்தம்.

நவம்பர் 13

காலையில் மேல்படியில் ஏறியதுமே நாச்சியப்பன் சார் போன்.

"எழுத்திலேர்ந்து வரிக்கா? அஞ்சே வாரத்துலயா? அங்க என்னதான் நடக்குது?"

"மழை பெய்யுது சார்."

"மங்கையர்க்கரசி, விளையாடாதீங்க. டிசம்பர் முடிவைப் பாத்துத்தான் அடுத்த வருஷமும் சுண்டலும் கதையும் தொடரணுமான்னு டிரஸ்ட்டுல முடிவு பண்ணப் போறாங்க. அந்த நாப்பது பள்ளியில ரெண்டாயிரம் பிள்ளைங்க இருக்கு. ஒண்ணுமே குடுக்காத பள்ளிக்கூடமும் இப்படி வாசிச்சா, பின்ன சுண்டல் எதுக்கு, கதை எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?"

எனக்கு இது தோன்றவே இல்லை. இங்கே பதினேழு பிள்ளைகள் என் முதுகில் சாய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த ரெண்டாயிரம் பேரை நான் பார்த்ததில்லை.

நோட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

நவம்பர் 19

படியில் எழுதுவது இல்லை. பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நோட்டு எங்கே என்று கேட்டார்கள். தீர்ந்துவிட்டது என்றேன். மாடசாமி தன் கணக்கு நோட்டிலிருந்து நாலு தாளைக் கிழித்து வந்து கொடுத்தான்.

வாங்கிக்கொள்ளவில்லை. வழங்கக் கூடாது என்றுதான் விதி. வாங்குவது பற்றி விதி இல்லை. இருந்தாலும் வாங்கவில்லை.

நவம்பர் 25

பூட்டிப் பயனில்லை. பஸ்ஸின் நெற்றியில் இருப்பதை வாசிக்கிறார்கள். உரமூட்டையை வாசிக்கிறார்கள். என் சோப்பு உறையை வாசித்துவிட்டு, 'மேனிக்குப் பொலிவு' வந்ததா என்று என் முகத்தைச் சோதித்தார்கள். சுவரில் அழிந்தும் அழியாமலும் இருக்கும் பழைய தேர்தல் விளம்பரத்தில் விட்டுப்போன எழுத்துகளை இசக்கி தானே நிரப்பிப் படிக்கிறாள். அவள் படிப்பில் வேட்பாளரின் பெயரே மாறிவிட்டது.

சாயங்காலம் சுப்புத்தாய் அக்கா ரத்தக்கொதிப்பு மாத்திரையை வாயில் போடப் போனார். இசக்கி அந்தக் காகிதக் கவரைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"பெரியம்ம, 'சாப்பாட்டுக்குப் பின்'னு எழுதிருக்கு. நீங்க முன்னாலயே திங்கிய."

"எத்தன வருசமா இப்பிடித்தாட்டி திங்கேன்."

"எத்தன வருசமாத் தப்பாத் திங்கிய."

எனக்கு மனசு பூரித்துப்போயிற்று என்று எழுதுவதற்கில்லை. ஆசிரியராக இருந்தால் பூரிக்கலாம்.

டிசம்பர் 8

கடைசிச் சோதனை. இதை உள்ளபடியே எழுதிவிட வேண்டும்.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து என் எதிரே உட்கார்ந்தார்கள், புது அட்டையை வாசித்தார்கள், எழுந்து போனார்கள். முதல் பிள்ளை பத்தி வாசித்தது. நான் 'வரி'யைத் தொட்டேன். இரண்டாவது கதை வாசித்தது. 'பத்தி'யைத் தொட்டேன். ஒவ்வொன்றாகப் படி இறக்கினேன். பத்துப் பேர். சுண்டல் சாப்பிடும் ரெண்டாயிரம் பேருக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். என் வேலைக்காகவும்தான். அதை அப்போது சொல்லிக்கொள்ளவில்லை.

பதினோராவது இசக்கி. உருண்டோடிய பூசணிக்காயின் கதை. விரலை வைத்து வரிவரியாகப் போய், கடைசி வரியில் நிமிர்ந்தாள்.

"அது எங்க போய் நின்னுச்சுன்னு போடலியே?"

"அவ்வளவுதான் கதை."

"பாதிக் கத."

நான் 'பத்தி' என்பதைத் தொட்டேன். எப்போது என் பக்கம் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. டேப்லெட்டின் மேல் அவள் மூச்சு பட்டது.

"டீச்சர், 'பத்தி'ன்னு இருக்கதுல நீலம் வந்துருக்கு. கடைசியில 'கதை'ன்னு இருக்கு பாருங்க. நான் வாசிச்சது கததான?"

"ஆமா."

"அப்ப இதுல ஏன் வெரல வச்சிய? தவறிப்போச்சா?"

"தவறிப்போச்சு."

"எனக்கும் முன்ன தவறும்லா. முதல்லருந்து பாருங்க, சரியாயிரும்."

அவள் கிண்டல் செய்யவில்லை. எனக்கு உதவி செய்தாள்.

முதலிலிருந்து பார்த்தேன். பதினோரு பேருடைய நிலையையும் மாற்றினேன். மற்ற ஆறு பேரையும் உள்ளபடியே பதிந்தேன். அனுப்பிவிட்டு, சிக்னல் இருக்கும்போதே நாச்சியப்பன் சாரைக் கூப்பிட்டேன். நோட்டு, வட்டம், கோடு, இன்று காலை செய்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கேட்டது ஒன்றுதான்.

"எத்தனை பேர் கதை வாசிக்கிறாங்க?"

"ஒம்போது பேர் சார்."

"நாளைக்கு வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

டிசம்பர் 9

காலை பஸ்ஸில் வந்தார். மெலிந்த உருவம், கனமான கண்ணாடி, நல்ல தோல் ஷூ. பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கு வருவதற்குள் ஷூ எது, கரிசல் எது என்று பிரிக்க முடியவில்லை.

தன் பையிலிருந்து வேறு அட்டைகளை எடுத்து, என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பதினேழு பேரையும் அவரே சோதித்தார். நான் வேப்பமரத்தடியில் கருவாயனோடு நின்றேன். முடித்து வெளியே வந்து, "நீங்க பதிஞ்சது சரி" என்றார். பிறகு கையை நீட்டினார். "நோட்டு."

மேல்படியில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். நடுவில் ஒரு முறை தோள் குலுங்கியது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"உங்களைப் பாத்தா கோவம் வருது. ஆனா நேத்து ராத்திரி எனக்குக் கோவம் வரலை, பயம் வந்துச்சு. அந்தப் பதினோரு பேரையும் இறக்கிப் போட்டதை அப்படியே அனுப்பியிருந்தீங்கன்னா, எனக்குத் தெரிஞ்சே இருக்காது. சுண்டலைக் காப்பாத்தப் பொய் சொல்லுவீங்க, இன்னொருத்தர் சுண்டலை நிறுத்தப் பொய் சொல்லுவார். அப்புறம் எந்தப் பிள்ளைக்கு எது உதவுச்சுன்னு யாருக்குமே தெரியாமப் போயிடும்."

"புரியுது சார்."

"இந்தப் பள்ளியை ஆய்விலேர்ந்து எடுத்துடுவேன். வெளிப்படையாச் சொல்லி எடுத்தா, மீதி எழுபத்தொன்பது தாங்கும். உங்களைக் களத்துக்கு இனி அனுப்ப முடியாது. ஒப்பந்தம் பத்தொன்பதாம் தேதி வரைக்கும் இருக்கு. அதுவரைக்கும் குடுக்கறதுக்கு எங்கிட்ட வேலை இல்லை."

தலையாட்டினேன். நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பப் போனார்.

"தகுதித் தேர்வு கடைசியா எப்ப எழுதுனீங்க?"

"போன வருஷம் சார்."

"அப்பா தொல்லையாலன்னு போட்டிருக்கு. அப்பா என்ன செய்யறார்?"

"இறந்து ஏழு வருஷம் ஆச்சு சார்."

நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். சாயங்கால பஸ்வரை வேறு எதுவும் கேட்கவில்லை. போகும்போது சுப்புத்தாய் அக்கா கொடுத்த சாப்பாட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

டிசம்பர் 10

வேலை இல்லை. விதியும் இல்லை. ஜெபமணி டீச்சர் சாக்பீஸை என் கையில் வைத்து, "மூணாம் வகுப்பையும் நாலாம் வகுப்பையும் பாத்துக்கோங்க, எனக்குத் தொண்ட கட்டிட்டு" என்றார்.

கரும்பலகையின் முன் நின்றேன். பாடம் எடுத்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கொட்டாவி விட்டார்கள். பத்து வாரத்தில் நான் முதன்முறையாகக் கற்றுக்கொடுத்த நாளில் ஒருவரும் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை.

நாளைக்கு வேறு மாதிரி முயற்சி செய்ய வேண்டும். நிறைய யோசனைகள் இருக்கின்றன.

டிசம்பர் 12

இன்று பூசணிக்காய் எங்கே போய் நின்றது என்று இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் எழுதினார்கள். பதினோரு இடங்களில் நின்றிருக்கிறது. ஒன்று சுப்புத்தாய் அக்காவின் சாம்பாரில்.

டிசம்பர் 16

மதியம் தபால் வந்தது. சென்னையிலிருந்து பள்ளிக்கு. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபமணி டீச்சர் கவரைக் கிழித்து, ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ஏட்டி இசக்கி, எனக்குக் கண்ணு சரியில்ல. எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசி."

இசக்கி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"'தலைமை ஆசிரியர் அவர்களுக்கு. வணக்கம். எங்கள் களப்பணியாளரின் செயலால் தங்கள் பள்ளியின் ஒப்பீட்டுத் தன்மை... மா... மாச... மாசடைந்து விட்டமையால், ஆய்விலிருந்து நடுக்காட்டூர் தொடக்கப்பள்ளி நீக்கப்படுகிறது.' மாசடைந்துன்னா என்ன டீச்சர்?"

"அழுக்காயிட்டுன்னு அர்த்தம்" என்றாள் செல்வராணி.

சாம்பார் வாளியை இறக்கி வைத்துவிட்டு சுப்புத்தாய் அக்கா நிமிர்ந்தார். "அழுக்கா? எவன் சொன்னான்? வயிறு முட்டத் தின்னுட்டுப் போனாரே, அந்தக் கண்ணாடிக்காரரா? எஞ் சமையக்கட்டுத் தரையில சோத்தப் போட்டுத் திங்கலாம். வந்து பாக்கச் சொல்லு!"

"சமையலைச் சொல்லலைக்கா" என்றேன். "யாரும் உதவி செய்யாம பிள்ளைங்க எவ்வளவு வாசிக்கறாங்கன்னு பாக்கற இடம் இது. நான் நடுவுல பூந்து கெடுத்துட்டேன். இவங்க வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதைத்தான் அழுக்குன்னு எழுதியிருக்காங்க."

இசக்கி கடிதத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அப்ப இப்பம் நான் இத வாசிச்சனே, இதும் அழுக்கா?"

"அதுதான் இருக்கறதுலயே பெரிய அழுக்கு."

அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கடிதத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, 'தலைமை ஆசிரியர் அவர்களுக்கு' என்று மறுபடி முதலிலிருந்து, இன்னும் சத்தமாக ஆரம்பித்தாள். மற்ற பிள்ளைகள் சோற்றை விட்டுவிட்டு அவளைச் சுற்றி நின்று அவளோடு சேர்ந்து வாசித்தார்கள். 'மாசடைந்து' என்ற இடம் வந்ததும் பதினேழு பேரும் கத்தினார்கள்.

சுப்புத்தாய் அக்கா இடுப்பில் கை வைத்து முழுவதையும் கேட்டார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டார்.

"அந்த அழுக்குதானா? அப்பம் கெடக்கட்டும். யாரும் தொடைக்காண்டாம்."